நன்றாகத் தின்கிற கோழி ஏன் இளைக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பதில் அந்த விவரங்களுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வயதுச் சிறுவிடைப் பெட்டை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. வீட்டில் மொத்தம் ஏழு உருப்படி, மற்ற ஆறும் நன்றாக இருக்கின்றன. இது மட்டும் இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வருகிறது, தூக்கினால் கனமே இல்லை, முட்டை நின்றுவிட்டது, கொண்டை வெளுத்துவிட்டது. ஆனால் தீனி போட்டால் முதல் ஆளாக ஓடி வருகிறது. கடையில் கேட்டுப் பைப்பரசின் பூச்சி மருந்து இரண்டு தடவை, ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் பொடி தண்ணீரில் ஐந்து நாள், அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன பூண்டு, மஞ்சள், வேப்பிலை. எதற்கும் அசையவில்லை. அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம் என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எந்த மருந்தும் வேண்டாம். இளைப்பு ஒரு நோய் இல்லை, இருபது நோய்களுக்குப் பொதுவான ஒரு அடையாளம், அதனால் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது காசுக்கும் கேடு, கோழிக்கும் கேடு, நாளைக்கு ஒரு டாக்டர் எச்சத்தைப் பரிசோதிக்கும்போது அவருக்கும் குழப்பம். நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: அந்தக் கோழியைக் கூட்டத்திலிருந்து பிரித்து மூன்று நாள் தனியாக வைத்து, உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே என்ன வருகிறது என்று பாருங்கள். அதைச் செய்தாலே இருபதில் பதினைந்து காரணங்கள் தானாகக் கழன்றுவிடும்.

அதற்கு முன்னால் கையால் ஒரு தடவை முழுசாகத் தடவிப் பார்த்துவிடுவோம். பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம், இருட்டிய பிறகு அடைந்திருக்கும்போது எடுத்தால் சாதுவாக வரும். மார்பின் நடுவில் நெஞ்செலும்பு ஓடுகிறதே, அதன் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்துங்கள். நல்ல கோழிக்கு எலும்பின் விளிம்பு மட்டும் தட்டுப்படும், இரு பக்கமும் சதை உப்பி இருக்கும். இளைத்த கோழிக்குச் சதை உள்வாங்கி எலும்பு கத்தி முனைபோலக் கையில் குத்தும். எடை எல்லாவற்றையும் சொல்லாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்: வயிற்றில் நீர் கோத்த கோழி தராசில் சரியான எடை காட்டும், ஆனால் நெஞ்சில் சதையே இருக்காது. கையைப் பின்னால் கொண்டுபோய், கால்களுக்கு நடுவே வயிற்றையும் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பினாலோ, உள்ளே கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டாலோ, கோழி நடக்கும்போது நிமிர்ந்து பின்பக்கம் தாழ்ந்து நின்றாலோ பெரும்பாலும் முட்டைப் பாதையில்தான் கோளாறு. மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து அழுகுவது, முட்டைக்குழாயில் சீழ் கட்டுவது, சினைப்பையில் கட்டி, எல்லாம் இந்த வகை. இரண்டு வயது தாண்டிய பெட்டைகளுக்கு இது சகஜம். மனிதப் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்கிறவர்கள் கோழியை வைத்து ஆராய்கிறார்கள், ஏனென்றால் யாரும் வரவழைக்காமலே இயல்பாக அது அடிக்கடி வருகிற உயிரினம் கோழி. உங்கள் கோழி சிறுவிடை என்பதால், அதாவது வருஷம் முன்னூறு முட்டை போடுகிற ரகம் இல்லை என்பதால், இந்த வாய்ப்பைக் கொஞ்சம் கீழே தள்ளி வைக்கிறேன், ஆனால் கைவைத்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

எடை போட மீன் கடையில் தொங்கவிடுகிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் கொக்கித் தராசு போதும். கோழியை ஒரு மஞ்சப்பையில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி இறக்கி மாட்டினால் ஆடாமல் இருக்கும். எப்போதும் காலையில், தீனி போடுவதற்கு முன்னால் போடுங்கள். சாயங்காலம் தீனிப்பை நிறைந்திருக்கும்போது போட்டால் அந்தத் தீனியும் தண்ணீரும் சேர்ந்து எடை கூடிக் காட்டும், கோழி தேறிவிட்டது என்று ஏமாந்துபோவீர்கள். வளர்ந்த சிறுவிடைப் பெட்டை ஒன்றேகால் கிலோவுக்கு அக்கம்பக்கமாக இருக்கும். எண்ணூறு கிராமுக்குக் கீழே வந்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்கான நேரம் முடிந்துவிட்டது, நேரே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம் தீனிப்பை. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, கோழிக்கு வலப்பக்கமாக இருக்கும். ராத்திரி நிறைந்திருந்து விடியற்காலையில் காலியாகிவிட வேண்டும், அதுதான் சரியான கோழி. காலையில் தீனி போடும் முன்னால் தொட்டுப் பாருங்கள். கல்லுபோலக் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று, வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது. கொல்லைக் கோழிகளின் தீனிப்பையிலும் அதற்கு அடுத்து இருக்கிற அரைவைப்பையிலும் என்னவெல்லாம் கிடக்கும் தெரியுமா: தேங்காய் நார், சாக்கு நூல், பால் கவரின் மூலை, கட்டுக்கம்பித் துண்டு, ஸ்டேப்ளர் பின். அரைவைப்பையில் நார் பந்தாகச் சுருண்டுவிட்டால் கோழிக்குப் பசி இருந்துகொண்டே இருக்கும், தின்றுகொண்டே இருக்கும், கீழே இறங்குவது கொஞ்சம்தான். இன்னொன்று, ஈயம். பழைய பேட்டரி உடைத்துப்போட்ட இடம், பழைய பெயின்ட் உரித்த சுவர், தூண்டில் ஈயக்குண்டு. பளபளப்பாக எது கிடந்தாலும் கொத்துகிற ஜாதி இது. ஈயம் உள்ளே போனால் மெதுவாக இளைக்கும், எச்சம் பச்சையாகும், கால் தளரும். வீட்டுப்பக்கம் அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஈயத் துண்டு உள்ளே கிடந்தால் ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

கோழி கையில் இருக்கும்போதே வாயையும் திறந்து பார்த்துவிடுங்கள். நாக்கின் அடியிலும் தொண்டையிலும் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அம்மை சில சமயம் வெளியே கொண்டையில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வாய்க்குள் மட்டும் வரும். வெறும் அரிசியும் குருணையும் மட்டுமே தின்று வளர்கிற கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் வாய்க்குள் வெள்ளைப் புள்ளிகள் வரும். இரண்டிலும் கோழிக்கு விழுங்க முடியாது. “முதல் ஆளாக ஓடி வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓடி வருவது வேறு, விழுங்குவது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: தானியத்தை எடுத்துக் கீழே போடுகிறதா, தலையை உதறுகிறதா, இரண்டு கொத்து கொத்திவிட்டு இன்னொரு பெட்டை பக்கத்தில் வந்ததும் ஒதுங்கிவிடுகிறதா. கண்ணையும் பாருங்கள், ஒரு கண் பார்வை போன கோழி குறி தப்பித் தப்பிக் கொத்தும்.

சரி, இப்போது ராத்திரி வேலை. உங்கள் விவரத்தில் எனக்கு மிகவும் சந்தேகம் தருவது வெளுத்த கொண்டை. கொண்டை வெளுத்தால் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம், ரத்தம் குறைந்தால் அதை யாரோ குடிக்கிறார்கள் என்பதுதான் முதல் சந்தேகம். பகலில் இறகை விலக்கிப் பார்த்துவிட்டு “பேன் இல்லை” என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் பேன் பெரிய திருடன் இல்லை, அது பெரும்பாலும் இறகையும் தோல் செதிலையும் தின்று பிழைக்கிறது. ரத்தம் குடிக்கிற சிவப்புச் செள்ளும் கோழி உண்ணியும் பகலில் கோழி மேல் இருக்கவே இருக்காது. கூண்டின் பலகை இடுக்கு, மண்சுவர் வெடிப்பு, பஞ்சாரத்தின் பின்னல், ஓலைக்கூரையின் கட்டு, இப்படி எங்காவது ஒளிந்திருந்துவிட்டு இருட்டியதும் இறங்கி வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். உண்ணி வயிறு நிறைய அரை மணி நேரம் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அது செள்ளு நசுங்கிய ரத்தம். சுவர் வெடிப்பில் ஒரு தென்னை ஈர்க்குச்சியை விட்டுக் கிளறுங்கள், தட்டையாகத் தோல் சுருங்கிய சாம்பல் நிற உண்ணி வெளியே வரும். இறக்கையின் அடியில், சதையும் இறக்கையும் சேருகிற இடத்தில், கடுகைவிடச் சின்னதாகக் கறுநீலப் புள்ளிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை உண்ணியின் குஞ்சுகள், இவை மட்டும் சில நாள் இறங்காமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு குடிக்கும். முகத்தில், கண்ணைச் சுற்றி, கொண்டையில் கருப்பாகப் பதிந்து கிடப்பது வேறு ஜாதி, அது ஒட்டுத்தெள்ளு, அதைப் பகலிலேயே பார்க்கலாம்.

ஆறு கோழிக்கு ஒன்றும் இல்லாமல் இதை மட்டும் எப்படிக் கடிக்கும் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும்தான் கடிக்கும். கம்பின் சுவரோரத்துக் கடைசியில் உட்காருகிற கோழியைக் கூடுதலாகக் கடிக்கும், கூட்டத்தில் அடிமட்டத்தில் இருப்பதற்குத்தான் அந்த இடம் கிடைக்கும், அடைக்கு உட்கார்ந்திருக்கிற கோழியை ராத்திரி முழுக்கக் கடிக்கும். இப்படி இருந்தால் கோழிக்கு மருந்து போட்டுப் பயனில்லை, கூண்டுக்குத்தான் வைத்தியம். வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், பழைய கூரை ஓலையை எரித்துவிடுங்கள், டாக்டர் எழுதித்தருகிற தெளிப்பு மருந்தைக் கோழிகளை வெளியே எடுத்துவிட்டு இடுக்கு இடுக்காக அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள், முதல் தடவை முட்டையாக இருந்த செள்ளெல்லாம் அதற்குள் பொரித்திருக்கும். தீனி இல்லாமல் வருஷத்துக்கு மேல்கூட உண்ணி உயிரோடு கிடக்கும், அதனால் “கூண்டை மூன்று மாதம் காலியாகப் போட்டிருந்தேன்” என்பதெல்லாம் கணக்கில் வராது. தேய்த்துக் குளிக்க ஒரு ஓரத்தில் சாம்பலும் செம்மண்ணும் கலந்து குழியில் போட்டு வையுங்கள், பேனுக்கு அது நல்லது, உண்ணிக்கு ஒன்றும் செய்யாது.

அடை பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கோழி சமீபத்தில் அடை படுத்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. அடைகாக்கிற 21 நாளும் நாளுக்கு ஒரு தடவை அரைகுறையாக எழுந்து தின்றுவிட்டு மறுபடி போய்ப் படுக்கிற கோழி இளைக்காமல் என்ன செய்யும், பிறகு குஞ்சுகளுக்குக் கொத்திப் போட்டுவிட்டுத் தான் தின்னாமல் இன்னும் ஒரு மாதம் ஓடும். இறகு உதிர்க்கிற சமயத்திலும் முட்டை நின்று, கொண்டை சுருங்கி, கொஞ்சம் மெலியும். இவை இயற்கை, தானாகச் சரியாகும். இரண்டு மாதம் விடாமல் இளைப்பது இயற்கை இல்லை.

இனித் தனிக்கூண்டு. கூண்டைப் பழைய கொட்டகைக்குள் வைக்காதீர்கள், வீட்டுத் திண்ணையிலோ வராண்டாவிலோ வையுங்கள், ராத்திரித் திருடர்களிடமிருந்தும் பிரிக்க வேண்டும் என்பதுதான் காரணம். அடியில் செய்தித்தாள் அல்லது வெள்ளைச் சாக்கு. மற்றக் கோழிகள் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பயத்திலேயே தின்னாது. தீனியை எடைபோட்டு வையுங்கள், மறுநாள் மிச்சத்தை எடைபோட்டுக் கழியுங்கள். இந்த அளவுக் கோழி நாளுக்கு 80 கிராம் சுமாருக்குத் தின்னும், தண்ணீர் அதைப்போல இரண்டு பங்கு, வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். தீனி என்று சொன்னால் சோறும் குருணையும் இல்லை, இந்தச் சில நாளைக்காவது முட்டைக்கோழித் தீவனம் வாங்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் சத்துக் குறைவினால் இளைக்கிறதா நோயினால் இளைக்கிறதா என்று பிரிக்க முடியாது. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு எதுவாக இருந்தாலும் முகர்ந்து பாருங்கள், முக்கின வாடையோ பச்சைப் பூசணமோ இருந்தால் தூக்கிப் போடுங்கள், அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலை மெல்ல மெல்ல அரித்துவிடும். அப்படியானால் ஏழும் கொஞ்சமாவது மந்தமாகத்தான் இருக்கும், அதனால் உங்கள் விஷயத்தில் இது முதல் சந்தேகம் இல்லை.

மூன்று நாளில் மூன்றில் ஒன்று தெரியும். தனியாக இருக்கும்போது மூக்கு முட்டத் தின்று, இன்னும் ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் எடையும் ஏறுகிறது என்றால் நோயே இல்லை, கூட்டத்தில் அதைத் தின்னவிடவில்லை, அல்லது கொட்டகையில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எது என்று கொண்டை சொல்லும்: கொண்டை மெல்லச் சிவந்து வந்தால் கொட்டகையைத்தான் முதலில் தேட வேண்டும். விரட்டல்தான் காரணம் என்றால் தீனித்தட்டை இரண்டாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வீட்டின் இரண்டு மூலையில் வையுங்கள். தீனியே குறைவாகத்தான் போகிறது என்றால் வாய், தீனிப்பை, அரைவைப்பை, ஈயம், வயிற்றுக்குள் வலி, இவற்றில் ஒன்று. நிறையத் தின்கிறது, எடை மட்டும் இறங்குகிறது என்றால்தான் கஷ்டமான பக்கம், உங்கள் கோழி அந்தப் பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்தித்தாளில் விழுகிற எச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரண எச்சம் பழுப்பாகச் சுருண்டு மேலே வெள்ளைத் தொப்பி வைத்திருக்கும். எட்டு பத்து தடவைக்கு ஒரு தடவை கூழாக, சாக்லேட் நிறத்தில், நாற்றமாக ஒன்று வரும், அது குடலின் கடைசியில் இருக்கிற பைகளிலிருந்து வருவது, கழிச்சல் இல்லை, இதைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுப்பவர்கள் அதிகம். பச்சை நிறம் என்றால் பெரும்பாலும் வயிறு காலி, பித்தம் மட்டும் வருகிறது. வெள்ளை மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி நிறைய வந்தால் சிறுநீரகம். ரத்தம் கலந்தால் ரத்தக்கழிச்சல் என்று உடனே நினைப்போம், ஆனால் அது பெரும்பாலும் இளங்குஞ்சுகளின் நோய், ஊர்மண்ணில் வளர்ந்த இரண்டு வயதுக் கோழிக்கு அதை எதிர்க்கும் சக்தி ஏற்கனவே வந்திருக்கும். இப்போது முக்கியமானது: புதிதாக விழுந்த எச்சத்தின் மேல் வெந்த அரிசிப் பருக்கை மாதிரி வெள்ளையாக, தட்டையாக, உற்றுப் பார்த்தால் மெல்ல நெளிகிற துண்டுகள் இருக்கின்றனவா? இருந்தால் நாடாப்புழு. நீங்கள் கொடுத்த பைப்பரசின் உருண்டைப்புழுவை மட்டும்தான் தள்ளும், நாடாப்புழுவை அது தொடுவதே இல்லை, இரண்டு தடவை கொடுத்தாலும் இருபது தடவை கொடுத்தாலும் அப்படித்தான். மேயும் கோழிக்கு நாடாப்புழு வருவது பெரும்பாலும் எறும்பிலிருந்தும் வண்டிலிருந்தும்தான், எருக்குழியைக் கிளறுகிற கோழிக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதற்கு பிராசிகுவாண்டெல் போன்ற வேறு மருந்து இருக்கிறது, அளவை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும். முடிப்புழு என்று இன்னொன்று உண்டு, முடியைவிட மெல்லியது, எச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் இருந்தாலே கோழியை வற்ற வைத்துவிடும், அதற்கும் பைப்பரசின் போதாது.

ஆகவே எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வையுங்கள். இரண்டு மூன்று நாள் காலையில் விழுந்த புது எச்சத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து (உறைய விடாதீர்கள்), கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் மாவட்டத் தலைநகரில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கும், அங்கே அனுப்பிவைப்பார்கள். புழு முட்டை இல்லை என்று வந்தால் உருண்டைப்புழு ஓரளவு விலகியது என்று வைத்துக்கொள்ளலாம், நாடாப்புழு விலகவில்லை, அதன் துண்டு தினமும் விழுவதில்லை. மருந்து கொடுத்த நாட்களில் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும், எத்தனை நாள் என்பதையும் மருந்தைத் தரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புழுவும் இல்லை, செள்ளும் இல்லை, தீனியும் போகிறது, இன்னும் இளைக்கிறது. இந்த இடத்தில் மூன்று பேர் பாக்கி.

ஒன்று மாரெக் நோய். 1907இல் ஹங்கேரியில் ஜோசப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் இதை முதலில் எழுதிவைத்தார். நரம்பிலும் உள்ளுறுப்புகளிலும் கட்டி வளர்க்கிற வைரஸ். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடப்பது பிரசித்தமான அடையாளம், சில கோழிக்கு அது இல்லாமல் இளைப்பு மட்டும்தான் இருக்கும், சிலதற்குக் கண்ணின் நிற வளையம் சாம்பலாகி, நடுவில் இருக்கிற கண்மணியின் ஓரம் ஒழுங்கில்லாமல் போகும். குஞ்சு பொரித்த முதல் நாளில் போட வேண்டிய தடுப்பூசி இதற்கு இருக்கிறது, நம் வீட்டில் அடைவைத்துப் பொரிக்கிற குஞ்சுக்கு யார் போடுகிறார்கள். ஆனால் இது அதிகமாக ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள பருவத்தில்தான் பிடிக்கும், இரண்டு வயதில் முதன்முதலாகத் தெரிவது குறைவு. இரண்டு, லூக்கோசிஸ். இதுவும் வைரஸ்தான், முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்கு இறங்கும், ஈரல் வயிறு முழுக்கப் பரவுகிற அளவுக்குப் பெருக்கும், கொண்டை வெளுக்கும். இரண்டுக்கும் வைத்தியம் கிடையாது.

மூன்றாவதுதான் உங்கள் விவரத்தோடு அதிகம் ஒட்டுவது: கோழி காசநோய். ஒரு வயது தாண்டிய, மண்ணில் மேய்கிற கோழியைப் பிடிப்பது இது. நன்றாகத் தின்னும், சுறுசுறுப்பு ரொம்ப நாள் குறையாது, நெஞ்சுச் சதை மட்டும் மாதக்கணக்கில் கரையும், கொண்டை வெளுக்கும், சில சமயம் எலும்புக்குள் இறங்கி ஒரு கால் நொண்டும். உள்ளே ஈரல், மண்ணீரல், குடல் முழுக்கச் சாம்பல் மஞ்சள் நிறத்தில் முடிச்சுகள் இருக்கும். ஒரு கோழியின் எச்சத்தில் வெளியேறுகிற கிருமி அந்த மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த கோழியைப் பிடிக்கும், அதனால்தான் இதில் ஒன்று விழுந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று மெதுவாகப் போகும், வெள்ளைக்கழிச்சல் மாதிரி ஒரே வாரத்தில் கொட்டகையைக் காலி பண்ணாது. உயிரோடு இருக்கும்போது தாடியில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வீங்குகிறதா என்று பார்க்கிற பரிசோதனை உண்டு, நோய் முற்றிய கோழியில் அது வீங்காமலே போகலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: நாடாப்புழுவில் ஒரு ஜாதி குடல் சுவரில் முடிச்சு முடிச்சாக உண்டாக்கும், வீட்டில் அறுத்துப் பார்த்துவிட்டு “காசநோய்” என்று தீர்மானிப்பவர்கள் இதில் தவறுவார்கள். பிரித்துச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

அதனால் நேரடியாகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தக் கோழிக்குப் பெயர் வைத்திருப்பீர்கள், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிவார்கள், எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் புழுவும் செள்ளும் இல்லை என்று தெரிந்த பிறகு, அது செத்தால் குழி தோண்டிப் புதைத்துவிடாதீர்கள். மற்ற ஆறையும் காப்பாற்றுகிற தகவல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை கோழி விஷயத்தில் கடைசி வழி என்று நினைக்கிறோம், பண்ணைக்காரர்களுக்கு அதுதான் முதல் வழி, நாமக்கல்லில் ஒரு கொட்டகையில் கோழி செத்தால் முதல் வேலையாக அறுத்துப் பார்க்கத்தான் கொண்டுபோவார்கள். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கோழி நோய்க்கென்றே ஆய்வகம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து தூரம் என்றால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் டாக்டரே திறந்து பார்ப்பார், தேவையான துண்டை அவரே அனுப்புவார். போக்குவரத்து வசதி இல்லாவிட்டால் 1962 எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை ஊர்தி உங்கள் பக்கம் எப்போது வரும் என்று கேளுங்கள்.

அறுத்துச் சமைத்துவிடலாமா என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். வேண்டாம். காரணம் தெரியாமல் வற்றிப்போன கோழியை, அதுவும் ஆன்டிபயாடிக் குடித்த கோழியைச் சாப்பிடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, எலும்பைத் தவிர என்ன இருக்கிறது அதில். வீட்டில் சர்க்கரை முற்றியவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கோழியையும் அதன் எச்சத்தையும் அவர்கள் தொடவே வேண்டாம், கோழியின் காசநோய்க் கிருமி ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்வது அபூர்வம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைப் பிடிக்கும். நீங்கள் கூண்டைச் சுத்தம் செய்யும்போது வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள், சாணி அள்ளுகிற கூடையையே இதற்கும் பயன்படுத்தாதீர்கள். இந்த வழி எல்லாம் மெதுவாக இளைக்கிற ஒரு கோழிக்கு மட்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று திடீரென்று விழுந்தால், முகம் வீங்கிக் கொண்டை நீலமானால், அதைத் தொடாமல், திறக்காமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், அது பறவைக் காய்ச்சல் சந்தேகம், வேறு கதை.

மற்ற ஆறையும் வாரம் ஒரு தடவை மஞ்சப்பையில் போட்டு எடை எழுதி வையுங்கள், கூட்டத்துக்கே பரவுகிறது என்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் எடையில் தெரியும். பிப்ரவரியில் போடுகிற இலவச வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள், இந்த இளைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஒரு நோயைத் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று வந்து ஏழையும் கொண்டுபோன வீடுகள் நிறைய.

செத்த கோழியை அனுப்புகிற முறை: செத்த சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் நனைத்து (இறகு நனைந்தால் உடம்பு சீக்கிரம் ஆறும்), இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் கட்டி நிறைய போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, அன்றோ மறுநாளோ கொண்டுபோங்கள். பிரீசரில் வைக்காதீர்கள், உறைந்து கரைந்த உறுப்பில் நுணுக்கமாகப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கூடவே ஒரு தாளில் கோழியின் வயது, எப்போதிலிருந்து இளைப்பு, வாராவாரம் போட்ட எடை, என்ன தீனி, கொடுத்த மருந்துகளின் பெயர், கடைசியாகக் கொடுத்த தேதி, கூட்டத்தில் மற்றவை எப்படி இருக்கின்றன என்பதை எழுதிக் கொடுங்கள். பூண்டு, மஞ்சளையும் சேர்த்து எழுதுங்கள், டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை.